பதினேழு சதவீதத் திருடர்கள்

நம் சட்டமன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புரியாத ஒன்று கண்ணில் பட்டால் அதைப் புரிந்துகொள்ள முயற்சி செய்யாது, சட்டமாக்கிவிடும். இரண்டாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் (மழை வரவில்லை, கூட்டத்தொடர் மட்டும் வந்தது) பொறியியல் கல்லூரி முதலாண்டுப் பாடப்புத்தகத்தில் கிடந்த ஒரு சமன்பாட்டைத் தூக்கிவந்து சட்டமாக்கினார்கள். குழாயின் ஒரு முனையில் எவ்வளவு தண்ணீர் நுழைகிறதோ அவ்வளவும் மறுமுனையில் வெளியே வந்தாக வேண்டும். இதுதான் நீர்த் தொடர்ச்சிச் சட்டத்தின் முதல் பிரிவு. இதை யாரும் மறுக்க முடியாது, தண்ணீரே மறுத்ததில்லை. இரண்டாவது பிரிவுதான் நம்மவர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு. அப்படி வெளியே வராவிட்டால், குழாயின் நடுவில் குடியிருப்பவர்களே திருடர்கள்.

ஓர் உறுப்பினர் மட்டும் எழுந்து, மீட்டர் தப்பாகக் காட்டினால் என்ன செய்வது என்று கேட்டார். அவைக்குறிப்பில் அந்த இடத்தில் 'சிரிப்பு' என்று பதிவாகியிருக்கிறது. வேறு பதில் எதுவும் பதிவாகவில்லை.

விசாரணைக்கு நீதிபதி, வக்கீல், வாய்தா எதுவும் கிடையாது. 'நீர் நடுவர்' என்று ஒரு கணினி. பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. மீட்டர்கள் அனுப்பும் எண்களை நிமிடத்துக்கு ஒருமுறை வாங்கிக் கூட்டிக் கழிக்கும். இழப்பு இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் நடுவில் இருக்கும் ஊருக்கு நோட்டீஸ் போகும். பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு, கடைசிப் பன்னிரண்டு மணி நேரச் சராசரியைப் பார்த்து, அந்த ஊரின் வால்வைத் தானே மூடிவிடும். ஒரு வருடத்துக்குத் திறக்காது. ஒரு வருடம் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, அது சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை என்று விளக்கம் கொடுத்தார்கள்.

கூத்தன்துறைக் கடற்கரையில் உப்புநீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் குழாய் ஓடித் திருநீலபுரம் நகரத்தில் முடிகிறது. நடுவழியில் உப்புக்குடி. உப்பளத்தை நம்பிப் பிழைக்கும் ஐயாயிரம் ஜனம். நடுவர் வேலைக்கு வந்த முதல் மாதமே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது: ஆலையிலிருந்து நாளொன்றுக்கு இருபது லட்சம் லிட்டர் கிளம்புகிறது, உப்புக்குடிக் கிளைக்குப் போவதைக் கழித்த பிறகும் அதில் பதினேழு சதவீதத்தைக் காணவில்லை. உப்புக்குடிக்கு நோட்டீஸ் போயிற்று. கெடு வெள்ளிக்கிழமை.

வால்வு மூடியதும் அதற்கு அரக்கு முத்திரை வைக்கும் வேலை, மீட்டர் பிரிவின் மூத்த டெக்னீஷியன் ஜெபக்கனியின் தலையில் விழுந்தது. முப்பத்தொரு வருட சர்வீஸ். அந்தக் குழாயில் அவள் கைபடாத மீட்டர் கிடையாது. ஆகவே திங்கட்கிழமை காலையே தலைமைப் பொறியாளர் கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள்.

"சார், பதினேழுங்கிறது ரொம்ப ஜாஸ்தி. மூணு லட்சத்து நாப்பதாயிரம் லிட்டரு. அவ்வளவையும் அந்த ஜனம் என்ன செய்யும்? மீட்டர ஒருக்க பாக்கணும்."

கோமதிநாயகம் நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். யாருக்கும் எந்த உபகாரமும் செய்யாமலேயே அந்தப் பெயரை எடுத்திருந்தார். அவர் குழாயைத் தொட்டு இருபது வருடம் இருக்கும். மேசையில் மட்டும் பித்தளையில் ஒரு குட்டிக் குழாய் பொம்மை, காகிதம் பறக்காமல் இருப்பதற்கு.

"ஏம்மா, நடுவர் பொய் சொல்லுதுன்றீங்களா?"

"நடுவர் கூட்டிக் கழிக்கும் சார். மீட்டர் தப்பா சொன்னா அதுவும் தப்பாத்தான் கூட்டும்."

"மீட்டர்லாம் புதுசுமா. மூணு வருஷம்கூட ஆகலை. திறப்பு விழாவுக்கு அமைச்சரே வந்தாரே! நீங்க முத்திரை வைக்கிற வேலையைப் பாருங்க, போதும்."

அமைச்சர் வந்து போனால் மீட்டர் கெடாது என்பது அவருடைய பொறியியல். ஜெபக்கனி வெளியே வந்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் உப்புக்குடிக்குப் போனாள்.

உப்புக்குடியில் வீடுகள் எல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு இல்லை, உப்புக் காற்று. தொழிலாளர் சங்கத் தலைவி சந்தனமாரி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நாற்பது வயது இருக்கும், பாதமெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. ஜெபக்கனிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். தம்ளர் முக்கால்வாசிதான் இருந்தது. அந்த ஊரில் விருந்தாளிக்கு அதுவே தாராளம்.

"யக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஆளுக்கு அறுவது, எழுவது லிட்டரு திருடுதோமாம். திருடுனா நாங்க ஏன் ஒரே சேலைய நாலு நாள் கட்டுதோம்? டவுன்காரவ தண்ணிய ஊத்தி காரு கழுவுதாவ. திருடி நாங்களாம்!"

"ஒரு சொட்டுகூட எடுக்கலயா மாரி?"

"பதினேழு எடுத்தோம்னா என் நாக்கு அழுவிப் போவட்டும்."

அப்படி ஒரு வேகத்தோடு சொன்னாள். ஜெபக்கனி அதை நம்பினாள். ஆலையின் மீட்டரை ஆறு மாதத்துக்கு முன் அவளே சோதித்திருந்தாள், அது சரி. உப்புக்குடிக் கிளையில் இருக்கும் மீட்டர் சின்னது, அதில் போவதே மொத்தத்தில் இரண்டு சதவீதம். மிச்சம் இருப்பது திருநீலபுரத்து மீட்டர். அது குறைத்துக் காட்டினால்தான் பதினேழு வரும். புது மீட்டர் எப்படிக் குறைத்துக் காட்டும்? தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். திறப்பு விழா ஞாபகம் வந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னக்கா, தண்ணி கரிக்கா?"

"மாரி, திருடுனது நீங்க இல்ல. நான்தான்."

"என்ன சொல்லுதீய?"

"குழாய்க்குள்ள, நடுவுல ஓட்டை போட்ட ஒரு தகட்டக் குறுக்க வச்சிருப்போம். வார தண்ணி நெருக்கிக்கிட்டு அந்த ஓட்டை வழியாப் போவணும். அதனால தகட்டுக்கு முன்னால அழுத்தம் கூட இருக்கும், பின்னால கொறஞ்சிரும். அந்த வித்தியாசத்த வச்சுத்தான் எவ்வளவு தண்ணி போவுதுன்னு மீட்டர் சொல்லும். வித்தியாசம் கூடுனா தண்ணி கூட. கொறஞ்சா தண்ணி கொற."

"சரி."

"அந்த ஓட்டைக்கு ஒரு பக்கம் விளிம்பு பிளேடு மாதிரி கூரா இருக்கும். மறுபக்கம் சரிச்சுச் செதுக்கிருக்கும். கூர்ப் பக்கம் தண்ணி வார தெசையப் பாத்து இருக்கணும். திருப்பி வச்சிட்டா, தண்ணி சரிவுல வழுக்கிக்கிட்டு லேசாப் போயிரும். அழுத்த வித்தியாசம் கொறஞ்சிரும். போற தண்ணி என்னமோ அதேதான். ஆனா மீட்டரு தண்ணி கம்மின்னு சொல்லும்."

"டவுன்ல திருப்பி வச்சிருக்காவளா? எவன் வச்சான்?"

"நான்தான் வச்சேன்."

நடந்தது இதுதான். அந்தத் தகட்டுக்கு ஒரு கைப்பிடி உண்டு, குழாய்க்கு வெளியே விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் தகட்டின் அளவைப் பொறித்திருப்பார்கள். எழுத்து இருக்கும் பக்கம் தண்ணீர் வரும் திசை என்பது உலகம் முழுக்க வழக்கம். கோமதிநாயகம் அந்த எழுத்துக்குக் கீழே அமைச்சர் பெயரையும் திறப்பு விழாத் தேதியையும் பொறிக்கச் சொன்னார். பொறித்தார்கள். விழாவுக்கு முதல்நாள் பந்தல் போடுகிறவன், அமைச்சர் முகத்தில் வெயில் அடிக்கும் என்று மேடையைத் தகட்டின் மறுபக்கம் மாற்றிவிட்டான். இப்போது அமைச்சர் பெயர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோமதிநாயகத்துக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. தகட்டைத் திருப்பி வைக்கச் சொன்னார். திருப்பக்கூடாது சார் என்று ஜெபக்கனி ஆரம்பித்தாள். ஒரு தகட்டைத் திருப்பறதுக்கு இவ்வளவு பேச்சா என்றார் அவர். அதற்கு மேல் அவள் பேசவில்லை. விழா முடிந்ததும் மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்துத் திருப்பினாள். விழா முடிந்தது, சாப்பாடு நடந்தது, மறந்து போனாள். அப்போது மீட்டர் சொல்வதைக் கேட்க ஆளே இல்லை, சட்டமும் இல்லை. ஒரு மனிதரின் பெயர் வெயில் படாமல் ஜனங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, மூன்று வருடம் கழித்து ஐயாயிரம் பேர் திருடர்கள் ஆனார்கள்.

சந்தனமாரி முழுவதையும் கேட்டாள். கத்துவாள் என்று ஜெபக்கனி எதிர்பார்த்தாள், அவள் கத்தவில்லை.

"சரிக்கா. வெள்ளிக்கெழமைக்குள்ள திருப்பிருவீயளா?"

"திருப்பிருவேன்."

புதன்கிழமை கோமதிநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் கேட்ட கேள்வி உப்புக்குடியைப் பற்றியது அல்ல.

"அப்போ அமைச்சர் பேரு மறுபடியும் சுவத்தைப் பாக்குமா?"

"ஆமா சார்."

"முடியாதும்மா. வேற ஏதாவது வழி பாருங்க."

"வேற வழி இருக்கு சார். விழா அன்னைக்குப் பேப்பர்ல வந்த போட்டோ. அமைச்சரு பேரும் தெளிவாத் தெரியும், குழாயில தண்ணி போற தெசைக்குப் போட்ட அம்புக்குறியும் தெரியும். விஷயம் தெரிஞ்ச எவனாவது ஒருத்தன் பாத்தா போதும். திருப்பச் சொன்னது யாருன்னு கேப்பான்."

கோமதிநாயகம் குட்டிக் குழாய் பொம்மையை இடம் மாற்றி வைத்தார். மறுபடி பழைய இடத்தில் வைத்தார். பிறகு 'ஆண்டுப் பராமரிப்பு' என்று தலைப்புப் போட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டார். தவறு என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார், அதில் அவர் கெட்டிக்காரர்.

அன்று மத்தியானம் திருநீலபுரத்தில் நான்கு மணி நேரம் தண்ணீர் நின்றது. நான்கே மணி நேரம். நகரத்து மக்கள் அலுவலக வாசலில் வந்து கத்தினார்கள். ஒருவர் தன் தோட்டத்துப் புல் காய்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். உப்புக்குடிக்கு ஒரு வருடம் நிற்கப்போவதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. திருடர்களுக்குத்தானே என்று இருந்தார்கள் போலும்.

ஜெபக்கனி போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டை எடுத்துத் திருப்பி மாட்டினாள். தண்ணீரை விட்டதும் நடுவரின் திரையை எல்லாரும் பார்த்தார்கள். நகரத்து மீட்டர் கிடுகிடுவென ஏறியது. இத்தனை நாளும் நகரம் கணக்கில் வராமல் பதினான்கு சதவீதம் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குத் தண்டனை எதுவும் கிடையாது, ஏனென்றால் நகரம் குழாயின் கடைசியில் இருக்கிறது, நடுவில் இல்லை. இழப்பு பதினேழிலிருந்து இறங்கியது. பத்து, ஏழு, நான்கு. மூன்றில் வந்து நின்றது.

நின்றது நின்றதுதான். ஜெபக்கனி கால் மணி நேரம் பார்த்தாள். மூன்று.

கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத களை.

"பாத்தீங்களாம்மா! பதினேழோ மூணோ, திருட்டு திருட்டுதானே? சட்டத்துல ரெண்டுதான் அனுமதி. நோட்டீஸ் நோட்டீஸ்தான்."

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஐயாயிரம் பேர் தாகத்தில் தவிக்கப் போகிறார்கள் என்ற சந்தோஷமில்லை அது, அவ்வளவு கெட்டவர் அல்ல அவர். தான் கேள்வி கேட்கப்படப் போவதில்லை என்ற சந்தோஷம். நாட்டில் நடக்கிற பாதி அநியாயத்துக்கு இந்தச் சந்தோஷம்தான் காரணம்.

ஜெபக்கனிக்கு ஆத்திரம் தலைக்கேறியது, ஆனால் அவர்மேல் அல்ல. வியாழன் விடிந்ததும் உப்புக்குடிக்கு ஓடினாள். சந்தனமாரி உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒன்ன நம்பி என் வேலைய அடகு வச்சேன் மாரி. நாக்கு அழுவிப் போவட்டும்னியே! மூணு காட்டுது. அறுவதாயிரம் லிட்டரு. எங்க போச்சு?"

சந்தனமாரி தலையைக் குனியவில்லை.

"பதினேழு எடுக்கலன்னு சொன்னேன். எடுக்கல. மூணு எடுத்தோம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தகட்டத் திருப்பிருப்பீயளா? இப்ப என்கூட வாங்க."

தெருவுக்குள் அழைத்துப் போனாள். வாசல்களில் கைப்பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், கண்ணில் உப்புப் பூத்துப் பார்வை போன கிழவர்கள்.

"இந்தா இந்தப் பிள்ள, கணக்குல இல்ல. அந்தா அந்தத் தாத்தா, இல்ல. தண்ணி யாருக்குன்னு உங்க ஆபிசு எழுதி வச்சிருக்கு தெரியுமா? உப்பளத்துல பேரு இருக்கவனுக்குத்தான். ரெண்டாயிரம் பேரு. ஆளுக்கு இருவது லிட்டரு. மிச்சம் மூவாயிரம் உசுரு காத்தக் குடிச்சு இருக்குன்னு நெனச்சாவளோ என்னவோ! மூணு வாட்டி மனு குடுத்தோம். 'பயனர் அல்லாதோர்'னு பதில் வந்துச்சு. பெறவுதான் வால்வுக்கும் எங்க ஊரு மீட்டருக்கும் நடுவுல குழாயில ஓட்டை போட்டோம். மூவாயிரம் பேருக்கு ஆளுக்கு இருவது லிட்டரு. கணக்குப் போட்டுப் பாருங்க."

ஜெபக்கனி போட்டுப் பார்த்தாள். அறுபதாயிரம். ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அலுவலகத்தில் எவரும் இத்தனை சரியாகப் பங்கு வைத்ததில்லை.

"ஓட்டைய இப்பவே அடைச்சா ராத்திரிக்குள்ள சராசரி எறங்கிரும் மாரி."

"அடைச்சா மூவாயிரம் பேரு தாகத்துல கெடக்கணும். அடைக்கலன்னா ஐயாயிரம் பேரு கெடக்கணும். இதுல எத எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்கக்கா. எனக்குத் தெரியல."

அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. தான் ஆத்திரப்பட்டு ஓடிவந்ததை நினைத்து ஜெபக்கனிக்கே அசிங்கமாக இருந்தது. கூலிக்கு முத்திரை வைக்க வந்தவளுக்கு எத்தனை ரோஷம்!

பஸ்ஸில் திரும்பும்போது போன் வந்தது. கோமதிநாயகம்.

"ஜெபக்கனிம்மா, நேரா கூத்தன்துறைக்கு வந்துடுங்க. நானும் வரேன். நாளைக்கு வால்வு மூடினதும் யாராச்சும் கோர்ட்டுக்குப் போய் மீட்டர் தப்புன்னு கிளப்பினா? ஆலை மீட்டர் தகட்டையும் இன்னைக்கே என் முன்னாடி கழட்டிப் பாத்து, சரியா இருக்குன்னு சர்டிபிகேட் எழுதிடலாம்."

இருபது வருடத்தில் அவர் ஒரு மீட்டரைப் பார்க்கக் கிளம்புவது இதுதான் முதல் தடவை. வழியெல்லாம் ஜெபக்கனி ஒரே விஷயத்தை யோசித்துக்கொண்டு போனாள். ஆலையின் மீட்டர்தான் எவ்வளவு தண்ணீர் புறப்பட்டது என்று சொல்வது. அது கொஞ்சம் குறைத்துச் சொன்னால், வழியில் காணாமல் போனதும் குறைந்துவிடும். குறைத்துச் சொல்ல வைப்பதற்குத் தகட்டைத் திருப்பக்கூட வேண்டாம். கூர்விளிம்பை அரத்தால் லேசாக மழுக்கினால் போதும், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும், ஒன்றோ ஒன்றரையோ சதவீதம் குறையும். பையில் அரம் இருந்தது. முப்பத்தொரு வருடமாக அப்படி ஒரு காரியத்தை அவள் மனதால்கூட நினைத்ததில்லை. விளிம்பில் நகக்கீறல் விழுந்தால்கூடத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறவள் அவள். மேலும் தலைமைப் பொறியாளர் பக்கத்தில் நிற்கும்போது எப்படித் தேய்ப்பது? முடியாது, நடக்கிற காரியமில்லை என்று முடிவுசெய்துகொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

கூத்தன்துறையில் வெயில் கொளுத்தியது. கோமதிநாயகம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஜெபக்கனி தகட்டைக் கழற்றிச் சாக்கின்மேல் வைத்துத் துடைத்தாள். விளிம்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. மழுங்கிய ஓரம்தான் மின்னும்; வெயிலில் இதன் ஓரத்தில் ஒளிக்கோடுகூட விழவில்லை, அவ்வளவு கூர்.

"இதான் அந்தத் தகடா?" என்று குனிந்தார் கோமதிநாயகம். தன் வாழ்நாளில் அதை அவர் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

அவரை ஜெபக்கனிக்கு நன்றாகத் தெரியும். கீழே வேலை செய்கிறவர்கள் ஒன்றைச் செய்யாதீர்கள் என்றால் அதைச் செய்துதான் தீருவார்.

"விளிம்பத் தொட்டுறாதீய சார்."

"ஏன், தொட்டா என்னாவும்?" என்றபடியே கட்டைவிரலை வைத்து ஓரமாக இழுத்தார்.

விரல் கீறி ரத்தம் சொட்டியது. அவர் போட்ட சத்தத்தில் ஆலையின் காவலாளி ஓடிவந்தார். கைக்குட்டையைச் சுற்றினார்கள். கோமதிநாயகத்துக்கு வலியைவிட அவமானம் அதிகம், அவமானத்தைவிடக் கோபம் அதிகம்.

"என்னம்மா இது! இப்படியா வெச்சிருப்பீங்க? ஒரு பொருளை ஃபேக்டரியில செஞ்சா ஓரத்தைத் தேச்சுவிட மாட்டாங்களா? நாளைக்குத் தொழிலாளி கையை வெட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது? இப்பவே தேய்ங்க. மொழுமொழுன்னு ஆக்குங்க!"

அந்த விளிம்புதான் மீட்டர். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பு. முதலாண்டுப் பாடப்புத்தகத்தில், சட்டமாக்கினார்களே அந்தச் சமன்பாடு, அதற்குச் சில பக்கம் தள்ளி இதுவும் இருக்கிறது. தலைமைப் பொறியாளர் அந்தப் பக்கம் வரை வந்ததில்லை.

ஜெபக்கனி வாயைத் திறந்தாள். மழுக்கக் கூடாது சார் என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மனிதர் முன்னால் பாதி வாக்கியத்தோடு நிறுத்தினாள். அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும், பேசாமல் இருந்ததற்கு இன்றுவரை வெட்கம். இன்றைக்குப் பேசாமல் இருக்க வேண்டும், அதற்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வெட்கம் தாங்கக்கூடியதாக இருந்தது.

"எழுதிக் குடுத்துருங்க சார்" என்றாள்.

"எதுக்கு?"

"தலைமைப் பொறியாளர் நேர்ல வந்து தொழிலாளர் பாதுகாப்புக்கு உத்தரவு போட்டார்னு ஆபிசு ரெக்கார்டுல இருக்கட்டும் சார்."

கோமதிநாயகத்துக்கு அது பிடித்திருந்தது. இடதுகையால் குடையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, காயம்பட்ட விரலை நீட்டி வைத்துக்கொண்டே எழுதினார். 'துளைத்தகட்டின் கூரிய விளிம்பு பாதுகாப்பு கருதி உடனடியாக மழுக்கப்பட வேண்டும்.' கையெழுத்து, தேதி, பதவி, முத்திரை. ஜெபக்கனி அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அரத்தை எடுத்தாள். முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் பல் கூசியது. அவர் நிழலில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் தானே விரலால் தடவிப் பார்த்து, இதுதான் வேலை என்று பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நடுவரின் முன்னால் ஒரு கூட்டமே நின்றது. கோமதிநாயகம் விரலில் பெரிய கட்டோடு வந்திருந்தார். ஜெபக்கனி அரக்கும் மெழுகுவத்தியும் கொண்டுவந்திருந்தாள், அது அவள் வேலை. திரையில் சராசரி இழப்பு என்று எழுத்து வந்தது. ஒன்று புள்ளி ஆறு. அதற்குக் கீழே: உப்புக்குடி, குற்றமில்லை, நோட்டீஸ் ரத்து.

"எப்படிம்மா கொறைஞ்சுது?" என்று கோமதிநாயகம் திகைத்தார். "நேத்து மூணு இருந்துச்சே!"

"நீங்க நேர்ல வந்து ஆலை மீட்டரப் பாத்தீயள்லா சார். அதான்."

கோமதிநாயகம் ஒரு நொடி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, நிருபர்கள் நின்ற பக்கம் நடந்தார். தன்னுடைய நேரடி மேற்பார்வையால் இழப்பு பாதியாகக் குறைந்தது என்று அவர் சொன்னது மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

ஜெபக்கனி வெளியே வந்து சந்தனமாரிக்குப் போன் போட்டாள்.

"எவ்வளவுக்கா காட்டுச்சு?"

"ஒண்ணு புள்ளி ஆறு. வால்வு மூடல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது.

"நாங்க ஓட்டைய அடைக்கலியேக்கா. இப்பவும் மூணுதான் எடுக்கோம். மெய்யாச் சொல்லுதேன்."

"தெரியும் மாரி. கூட்டிராதீய."